கறுத்துப்போன முன்பல்: நாகர்கோவில் பல் மருத்துவமனை ஒன்றில் மூன்று மாதச் சிகிச்சை

என் மேல்வரிசை முன்பற்களில் இடப்பக்கத்துப் பல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கறுத்திருந்தது. பதினோராம் வயதில் ஊர்க் குளத்தின் படித்துறையில் பாசி வழுக்கி விழுந்தபோது அடிபட்ட பல் அது. அன்றைக்கு அது விழவில்லை, ஆடவும் இல்லை. ஆனால் உள்ளே உயிர் போய்விட்டிருந்தது. இருபத்து மூன்றாம் வயதில் சீழ் வைத்து, வேர் சிகிச்சை செய்த பிறகு, ஆண்டுக்காண்டு மேலும் சாம்பல் நிறமாகி, கடைசியில் பால் சேர்க்காத கட்டன்சாயாவின் நிறத்துக்கே வந்துவிட்டது. அதை ஒட்டியிருக்கும் பக்கவாட்டுப் பல்லின் நுனியும் அதே விழுதலில் உடைந்ததுதான். தக்கலைக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தும் நான், வகுப்பில் சிரிப்பு வரும்போதெல்லாம் மேலுதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டே சிரித்துப் பழகியவள். நாற்பத்தாறு வயதில்தான் இதைச் சரிசெய்துகொள்ளும் துணிவும் பணமும் ஒருசேர வந்தன.

இது நாகர்கோவிலில், செட்டிகுளம் சந்திப்பிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள ஒரு பல் மருத்துவமனையைப் பற்றிய மதிப்புரை. பெயரை எழுத வேண்டாம் என்று மருத்துவரே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. பெயர் இல்லாவிட்டாலும், அங்கே எந்தச் சிகிச்சையை எந்த வரிசையில், என்ன காரணம் சொல்லிச் செய்தார்கள் என்பது, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

அதற்கு முன்னால் வேறோர் இடத்துக்குப் போயிருந்தேன். அங்கே வாயைத் திறந்து பார்த்த ஐந்தாவது நிமிடத்தில், மேல்வரிசை முன்பற்கள் ஆறையும் சீவி, ஆறுக்கும் சிர்கோனியா கேப் (பல்லை முழுதாக மூடும் வெண்ணிற உறை) போட்டால் பத்தே நாளில் சிரிப்பு மாறிவிடும் என்று சொன்னார்கள். ஒரு பல்லுக்குப் பத்தாயிரம் வீதம் அறுபதாயிரம் ரூபாய். கறுத்த பல் ஒன்று, உடைந்த பல் ஒன்று. மற்ற நான்கும் தேநீர்க் கறை படிந்த, மற்றபடி குறையே இல்லாத பற்கள். அவற்றை ஏன் சீவ வேண்டும் என்று கேட்டதற்கு, எல்லாம் ஒரே நிறமாக இருக்கும் என்பதுதான் பதில். கேப் போடுவதற்குப் பல்லைச் சுற்றிலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், கடிக்கும் நுனியில் அதைவிட அதிகமாகவும் அராவியாக வேண்டும். பல்லின் மேற்பூச்சான எனாமல் மீண்டும் வளராது. சீவிய பல் வாழ்நாள் முழுவதும் ஏதாவதொரு மூடியை எதிர்பார்த்தே இருக்கும். இதையெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் மனக்குறை.

செட்டிகுளத்து மருத்துவர் முதல் நாளில் எந்தக் கருவியையும் இயக்கவில்லை. கறுத்த பல்லை எக்ஸ்ரே எடுத்து, பழைய வேர் சிகிச்சை வேரின் நுனிவரை சரியாக நிரம்பியிருக்கிறதா, சீழ்க்கட்டியின் நிழல் தெரிகிறதா என்று பார்த்தார். இரண்டும் நன்றாக இருக்கவே, "டீச்சர், இந்தப் பல்லுக்கு வெளியே ஒன்றும் செய்ய வேண்டாம், கறை உள்ளேதான் இருக்கிறது" என்றார். அடிபட்ட அன்று பல்லின் உள்ளறையில் கசிந்த இரத்தம் பல்லின் நுண்குழாய்களுக்குள் புகுந்து சிதைந்து அங்கேயே தங்கிவிடுகிறது. வேர் சிகிச்சையின்போது உள்ளறையின் மூலைகளில் மிச்சமிருக்கும் திசுவும் பின்னர் கறுக்கிறது. ஆகையால் வெளியிலிருந்து எவ்வளவு தேய்த்தாலும் அந்த நிறம் போகாது. முப்பது ஆண்டுகளாக நான் மாற்றி மாற்றி வாங்கிய பற்பசைகளுக்கு அந்த ஒரு வாக்கியம் விடை சொல்லிவிட்டது.

முதலில் செய்தது பல் சுத்தம். பற்காரையை அகற்றினால் பல் ஆடிப்போகும் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே கல்லாக இறுகிக் கிடந்த காரை போனதும் நாக்குக்கு இடைவெளி தட்டுப்படுவது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளி காரை அடைத்திருந்த இடமேயன்றிப் பல் தேய்ந்ததால் வந்ததன்று. எங்கள் பாட்டி உமிக்கரியால் பல் தேய்த்தவர். அவர் பற்கள் வயதாக ஆக மஞ்சளானதற்கும் அந்தக் கரகரப்புக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி: எனாமல் தேயத் தேய, அதன் அடியிலிருக்கும் மஞ்சள் நிற டென்டின் வெளியே தெரியத் தொடங்குகிறது. கடைகளில் இப்போது விற்கும் கரித்தூள் பற்பொடிகளுக்கும் எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் குழைத்துத் தேய்க்கும் வழக்கத்துக்கும் இது பொருந்தும்.

அடுத்தது வெளுப்பூட்டல். இங்கேதான் அந்த மருத்துவமனையின் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது. மருத்துவமனையிலேயே செறிவான ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி ஓரிரு அமர்வில் முடிக்கும் முறையும் உண்டு. பல்லுக்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய உறையில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு களிம்பை இட்டு, இரவில் மாட்டிக்கொண்டு தூங்கும் முறையும் உண்டு. எனக்கு அவசரம் இல்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மெதுவான இரண்டாவது முறையையே பரிந்துரைத்தார். இரண்டு வாரம் செய்தேன். ஐந்தாம் நாளிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று கூசியது. ஒருநாள் விட்டு ஒருநாள் மாட்டச் சொல்லி, பொட்டாசியம் நைட்ரேட் சேர்ந்த பற்பசையைக் கொடுத்தார்கள்; முடித்த ஒரு வாரத்துக்குள் கூச்சம் முற்றிலும் நின்றுவிட்டது. அந்த நாள்களில் கறை ஏற்றும் உணவை விலக்க வேண்டும் என்பதுதான் நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சோதனை. மரச்சீனிக்கிழங்கும் மஞ்சள் தூக்கலான மீன்கறியும் இல்லாமல், கட்டன்சாயாவும் இல்லாமல், தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பத்திலும் தயிர்ச்சோற்றிலும் அந்த இரண்டு வாரத்தை ஓட்டினேன்.

வெளுப்பூட்டலை ஏன் முதலில் செய்ய வேண்டும் என்பதை விரிவாகவே எழுத விரும்புகிறேன்; ஏனென்றால் பலர் இதை மாற்றிச் செய்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். வெளுப்பூட்டும் மருந்து இயற்கைப் பல்லின் நிறத்தை மட்டுமே மாற்றும். கேப், பீங்கான், பல் நிற அடைப்பு ஆகியவற்றின் நிறத்தைத் தொடாது. ஆகவே முதலில் அடைப்பை வைத்துவிட்டுப் பிறகு வெளுப்பூட்டினால், அடைப்பு மட்டும் பழைய நிறத்தில் திட்டாகத் தெரியும். வெளுப்பூட்டி முடித்த மறுநாளே அடைப்பு வைப்பதும் தவறு. பல்லுக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜன், ஒட்டுப்பசை பல்லைப் பிடிக்கும் வலிமையைக் குறைத்துவிடும் என்பதால், குறைந்தது இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். பள்ளியில் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்ததால் அதற்குள் முடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று சொல்லி, நாள்காட்டியில் பதினைந்து நாள்களை எண்ணிக் காட்டினார். அந்த விழாப் படத்திலும் நான் உதட்டை மூடியே நிற்கிறேன். அதில் எனக்குச் சிறிதும் வருத்தம் இல்லை.

கறுத்த பல்லுக்கு உள்ளிருந்து வெளுப்பூட்டினார். பல்லின் பின்பக்கத்தில் பழைய அடைப்பைத் திறந்து, வேர் நிரப்பியை ஈறு மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை எடுத்து, அதன்மேல் ஒரு சிமெண்ட் தடுப்பை வைத்து, அதற்கும் மேலே சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்து அடைத்து, தற்காலிகமாக மூடி அனுப்பினார். நடுவிலிருக்கும் அந்தத் தடுப்பு மிக முக்கியமானது. அது இல்லாமல் மருந்து வேர்ப்பக்கம் கசிந்தால், பின்னாளில் பல்லின் கழுத்துப் பகுதியை உடலே கரைத்துவிடும் ஆபத்து உண்டு. வாரம் ஒன்றாக மூன்று முறை மருந்தை மாற்றினார். முதல் வாரத்தில் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாவது வாரம் காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் பார்த்துவிட்டு, விளக்கைப் போட்டு மறுபடியும் பார்த்தேன். மூன்றாவது முறைக்குப் பிறகு, பக்கத்துப் பல்லைவிட ஓர் இழை மங்கல் என்ற அளவுக்கு வந்து நின்றது. முழுப் பொருத்தம் வராமலும் போகலாம், சில ஆண்டுகளில் மெல்ல மங்கவும் செய்யலாம், அப்போது திரும்பச் செய்யலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்ததால் ஏமாற்றம் இல்லை.

உடைந்த நுனியைக் காம்போசிட் என்னும் பல் நிறப் பிசினால் கட்டினார். எனாமலின் மேல் பாஸ்பாரிக் அமிலத்தைச் சில நொடிகள் தடவிக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகும். அவற்றில் பசை இறங்கிப் பிடித்துக்கொள்ளும். 1955ஆம் ஆண்டில் மைக்கேல் புவோனோகோர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் காட்டிய இந்த வழியால்தான், பல்லைச் சீவாமலேயே அதன்மேல் பொருளை ஒட்ட முடிகிறது. நிறம் தேர்ந்ததில் ஒரு நுட்பத்தைக் கவனித்தேன்: நாற்காலியின் விளக்கை அணைத்துவிட்டு, சன்னல் வெளிச்சத்தில், வேலை தொடங்கும் முன்பே நிற அட்டையைப் பல்லோடு ஒப்பிட்டார். வாய் திறந்தே இருந்து பல் உலர்ந்துவிட்டால் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும், அப்போது தேர்ந்த நிறம் பிறகு பொருந்தாது. அதன்பின் சிறு சிறு அடுக்காகப் பிசினை வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுக்கி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வடிவம் கொடுத்துக்கொண்டிருந்தார். காம்போசிட்டுக்குக் குறைகள் உண்டு. மஞ்சளும் தேநீரும் ஓரங்களில் கறை ஏற்றும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பளபளப்பு மங்கும். நேந்திரங்காய் வற்றலையும் முறுக்கையும் முன்பல்லால் கடித்து உடைத்தால் பெயர்ந்துபோகும். ஆனால் பெயர்ந்தால் மீண்டும் வைக்கலாம், அடியில் என் பல் அப்படியே இருக்கிறது.

பீங்கான் வெனீர் பற்றியும் கேட்டேன். முகப்பில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு எனாமலைச் சீவி, மெல்லிய பீங்கான் தகட்டை ஒட்டுவது அது. கறை ஏறாது, காம்போசிட்டைவிட நெடுநாள் உழைக்கும், பார்வைக்கும் மிக அழகு. ஆனால் அடியிலிருக்கும் பல் கறுப்பாக இருந்தால் மெல்லிய தகட்டின் வழியே அந்த நிழல் தெரியும் என்பதால், எனக்கு எப்படியும் உள்வெளுப்பூட்டலே முதல் படி. கேப்புக்கும் உரிய இடம் உண்டு: பாதிக்கு மேல் சிதைந்த பல்லுக்கும், வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கும் அதுதான் பாதுகாப்பு. முன்பல்லுக்குப் போடுவதாக இருந்தால் உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்பைத் தவிர்ப்பது நல்லது; என்னோடு பணிபுரியும் ஆசிரியை ஒருவருக்கு ஈறு சற்று இறங்கியதும் விளிம்பில் கறுப்புக் கோடு தெரிய ஆரம்பித்துவிட்டது. சிர்கோனியாவிலோ லித்தியம் டைசிலிகேட் என்னும் கண்ணாடிப் பீங்கானிலோ அந்தக் கோடு வராது.

பல் வரிசை கோணலாக உள்ளவர்களுக்குக் கம்பியும், கழற்றி மாட்டும் ஒளிபுகும் உறையான அலைனரும் இருக்கின்றன. என் அக்கா மகளுக்கு அங்கேதான் கம்பி போட்டார்கள். அலைனரை நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் கழற்றாமல் அணிந்தால்தான் பலன் என்பதால், பள்ளிப் பிள்ளைக்கு ஒட்டிய கம்பியே சரி என்றார் மருத்துவர். எதுவானாலும் முடிந்தபின் பற்களை அதே இடத்தில் நிறுத்திவைக்கும் ரிடெய்னரை அணியாவிட்டால் பற்கள் பழைய இடத்துக்கே நகரும்.

கீழ்வரிசையில் எப்போதோ பிடுங்கிய ஒரு பல்லின் இடம் காலியாக இருக்கிறது. வாய்விட்டுச் சிரித்தால் தெரியும். இரு பக்கத்துப் பற்களையும் சீவி மூன்று பல் பாலமாகக் கட்டினால் 24,000 ரூபாய், டைட்டேனியம் திருகை எலும்பில் பதித்து அதன்மேல் பல் வைக்கும் இம்பிளாண்டுக்கு 32,000 ரூபாய் என்றார்கள். நான் இம்பிளாண்டையே கேட்டேன். என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8.4 என்று வந்ததைப் பார்த்துவிட்டு, எலும்பு திருகைப் பற்றிக்கொள்வதற்கும் புண் ஆறுவதற்கும் அது தடை, 7க்கு அருகில் வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்துவிட்டார். வரவிருந்த வருமானத்தை ஒரு மருத்துவர் தானாகத் தள்ளிவைப்பதை நான் நேரில் கண்டது இதுவே முதல் முறை.

இதுவரை நான் கொடுத்தது: சுத்தம் 1,200 ரூபாய், உறையும் களிம்பும் 6,500, உள்வெளுப்பூட்டல் 3,000, கறுத்த பல்லின் பின்பக்க அடைப்பும் உடைந்த நுனியும் தலா 2,500, மொத்தம் 15,700. இதுவும் கைக்கு எட்டாதவர்கள் குலசேகரத்திலுள்ள ஸ்ரீ மூகாம்பிகா பல் மருத்துவக் கல்லூரி போன்ற பயிற்சி நிறுவனங்களில் விசாரிக்கலாம். ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வதால் பல் மருத்துவக் கல்லூரிகளில் பொதுவாகக் கட்டணம் குறைவு, அமர்வுகள் நீளும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முன்பதிவு செய்திருந்தும் இரண்டு முறை ஐம்பது நிமிடத்துக்கு மேல் காத்திருந்தேன். முதல் ரசீதில் மொத்தத் தொகை மட்டுமே இருந்தது. கேட்ட பிறகுதான் பிரித்து எழுதித் தந்தார்கள். மருத்துவமனை இரண்டாவது மாடியில், மின்தூக்கி இல்லை. பல் செட் வைப்பதற்காக என் அம்மாவை அழைத்துப் போன நாளில், படிகளில் இரண்டு இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் மேலே கொண்டுபோனோம். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால், அளவெடுக்கும் வேலையைக் கீழ்த்தளத்து அறையில் வைத்துச் செய்து தருவதாக அன்று சொன்னார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் கூட்டம் அதிகம். காலையில் போனால் விரைவாகத் திரும்பலாம், வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்கும்.