புக்கிங் நம்பர் தந்தார்கள், டிக்கெட் தரவில்லை: நியூயார்க் நேரடி விமானத்துக்கு ஏஜெண்டிடம் பணம் கட்டுமுன் படியுங்கள்

நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானத்தில் சொந்தக்காரர்களை வரவழைக்க ஏஜெண்ட் மூலம் டிக்கெட் எடுக்கப் போகிறீர்களா? அவர் தரும் ஆறெழுத்து புக்கிங் நம்பர் டிக்கெட் அல்ல. பதின்மூன்று இலக்க டிக்கெட் எண் ஒன்று தனியாக உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் டிக்கெட் என்றால் அது 618 என்று தொடங்கும். அந்த எண் கைக்கு வராத வரை நீங்கள் கட்டிய பணத்துக்கு விமானத்தில் இருக்கை கிடையாது. இது தெரிந்த ஒரு ஏஜென்சி எங்கள் குடும்பத்தை எப்படி அலைக்கழித்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அக்கா நியூஜெர்சியில் இருக்கிறார். சிங்கப்பூர்க் குடியுரிமையை விடவில்லை. கொவிட் கிருமிப்பரவலுக்கு முன் வருடம் ஒரு முறையாவது வந்து அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவார். வீட்டிலிருந்து நுவர்க் விமான நிலையம் பக்கம். 2018 அக்டோபரில் அங்கிருந்து நேரடி விமானம் வந்த பிறகு நடுவில் இறங்கி ஏறும் வேலையும் இல்லாமல் போனது. 2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. சிங்கப்பூர் எல்லையை மூடியது, இங்கே இறங்கி விமானம் மாறுவதற்குக்கூட அனுமதி இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சேவைத் திறனில் 96 விழுக்காட்டை நிறுத்தி வைத்தது. உள்நாட்டு விமானச் சேவை என்று ஒன்று இல்லாத நாட்டில் எல்லை மூடினால் வேறென்ன செய்வார்கள்? நுவர்க் விமானமும் அந்த மாதமே நின்றுபோனது.

அப்பாவுக்கு இதய பைபாஸ் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னது அந்த வருடக் கடைசியில். ஜனவரி முதல் வாரம் நாள் குறித்தார்கள். அக்கா அதற்கு முன் வந்துவிட வேண்டும் என்று அப்பா வாய்விட்டுக் கேட்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் அப்போது 14 நாள் ஹோட்டல் அறையில் தனிமையில் இருந்து முடித்த பிறகுதான் வெளியே வர முடியும். டிசம்பர் நடுப்பகுதிக்குள் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினால்தான் கணக்குச் சரியாக வரும்.

நல்ல வேளையாக அக்டோபரில் அறிவிப்பு வந்திருந்தது. நவம்பர் 9 முதல் நியூயார்க்குக்கு நேரடி விமானம் மறுபடி தொடங்கும், வாரம் மூன்று முறை, ஆனால் நுவர்க்குக்குப் பதில் நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம். பயணிகளோடு சரக்கும் ஏற்றிச் செல்ல ஜேஎஃப்கே தோதாக இருக்கும் என்று காரணம் சொல்லியிருந்தார்கள். 15,000 கிலோமீட்டருக்கு மேல், திரும்பி வரும்போது கிட்டத்தட்ட 18 மணி 40 நிமிடம் ஒரே பறப்பு. அத்தனை நேரம் முகக்கவசத்தோடு உட்கார்வது சிரமம்தான். ஆனால் வேறு வழியில் வந்தால் நடுவில் இறங்கும் ஊரின் விதி வேறு, அங்கே கூட்டம் வேறு. அந்த ஊர் விதி ராத்திரியோடு ராத்திரியாக மாறினால் அக்கா அங்கேயே மாட்டிக்கொள்வார். நேரடி விமானம்தான் என்று முடிவு செய்தோம்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு ஏஜென்சி. சென்னை, திருச்சி டிக்கெட் எல்லாம் பல வருடமாக எங்கள் வீட்டில் அங்கேதான் எடுப்போம். பெயரை இங்கே போடவில்லை. இதே வேலையை வேறு பெயரில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், இந்தப் பெயரைப் பார்த்து ஒதுங்கி அங்கே போய் விழுவதில் பயனில்லை.

"அக்கா, அந்த நியூயார்க் ஃபிளைட்ல எகானமியே கிடையாது. பிரிமியம் எகானமியும் பிசினஸும்தான். பிரிமியத்துல ரெண்டு மூணு சீட்டுதான் பாக்கி. இன்னைக்கே போடணும்" என்றான் கவுண்டரில் இருந்த தம்பி.

முதல் பொய் இதுதான், அதுவும் பாதி உண்மையை வைத்துச் செய்த பொய். நுவர்க்குக்குப் பறந்த பழைய விமானத்தில் எகானமி கிடையாது என்பது சரி. அந்த நீண்டதூர ஏர்பஸ் ஏ350 ரகத்தில் மொத்தமே 161 இருக்கை: பிசினஸ் 67, பிரிமியம் எகானமி 94. ஆனால் நவம்பரில் ஜேஎஃப்கேக்கு விட்டது சாதாரண ஏ350-900. அதில் பிசினஸ் 42, பிரிமியம் எகானமி 24, எகானமி 187. தொழிலே இதுவாக இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. அக்காவின் பெயரில் அவர்கள் போட்டுவைத்த புக்கிங் எகானமி வகுப்பில்தான் இருந்தது என்று பின்னால் விமான நிறுவனமே சொன்னது. எங்களிடம் வாங்கியதோ பிரிமியம் எகானமிக் கட்டணம், நாலாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. கார்டு வேண்டாம், கட்டணம் கூடும், பேநவ்வில் (வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் முறை) போட்டுவிடுங்கள் என்றார்கள். போட்டோம்.

கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். விமான நிறுவனத்தின் பெயர், விமான எண் எஸ்க்யூ 23, தேதி, இரவு 10.30 புறப்பாடு, அக்காவின் பெயர், அதன் கீழே கொட்டை எழுத்தில் 'கன்ஃபர்ம்ட்'. ஆறெழுத்து எண்ணை விமான நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தோம். பெயரும் விமானமும் தேதியும் வந்தன. இதற்கு மேல் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? ஏமாற்றுகிறவர்களுக்கு வசதியான இடம் இதுதான். போலித் தாள் அடிக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. புக்கிங் உண்மையானது, அதற்கான பணம் மட்டும் விமான நிறுவனத்துக்குப் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் புது எண் அனுப்பினார்கள். "சிஸ்டம் அப்டேட், பழைய நம்பர் வேண்டாம்" என்று ஒரு வரி. புது எண்ணைப் போட்டாலும் அதே பெயர், அதே விமானம்.

பயணத்துக்குச் சில நாள் இருக்கும்போது அக்கா இருக்கை தேர்வு செய்யப் பார்த்தார். புக்கிங் இல்லை என்று வந்தது. அங்கிருந்தே விமான நிறுவனத்தைக் கூப்பிட்டார். வெகு நேரம் காத்திருந்த பிறகு எடுத்த பெண் பொறுமையாக விளக்கினார். ஏஜெண்டுகள் பணம் கட்டாமலேயே இருக்கையைப் பிடித்து வைக்க முடியும். அதற்கு ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் டிக்கெட் அடிக்காவிட்டால் சிஸ்டம் தானாகவே இருக்கையை விடுவித்துவிடும். சிலர் கெடு முடியும் நேரத்தில் அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிடிப்பார்கள், அப்போது எண் மாறும். எங்களுக்கு வந்த "சிஸ்டம் அப்டேட்" அதுதான். அக்காவின் பெயரில் எந்த நாளும் டிக்கெட் அடிக்கப்படவில்லை, ஒரு வெள்ளிகூட வரவில்லை என்று அந்தப் பெண் தெளிவாகச் சொன்னார். அதை மின்னஞ்சலிலும் கேட்டு வாங்கிக்கொண்டோம். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்த மின்னஞ்சல்தான்.

ஏஜென்சிக்குப் போனேன். கவுண்டர் தம்பி உள்ளே போய் முதலாளியை அழைத்து வந்தான். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "கொவிட் நேரம்மா. ஏர்லைன் ஃபிளைட்டைக் கேன்சல் பண்ணிட்டான். ரீஃபண்டு வர ஆறு மாசம் ஆகும். கிரெடிட் நோட் தரேன், அடுத்த தடவை நம்மகிட்டயே யூஸ் பண்ணிக்கலாம். அவசரம்னா வேற ஏர்லைன்ல ரெண்டு இடம் மாறி வர மாதிரி போட்டுத் தரேன், மேல எண்ணூறு வெள்ளி ஆகும்."

இந்தப் பேச்சில் ஒரு சொல்கூட உண்மையில்லை. விமானம் ரத்தாகவில்லை. குறித்த இரவில் குறித்த நேரத்தில் ஜேஎஃப்கேயிலிருந்து கிளம்பியதை அக்கா இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னபடி ரத்தாகியிருந்தாலும் கிரெடிட் நோட்டோடு முடிகிற விஷயமும் அல்ல. அமெரிக்காவுக்கு வரும், அங்கிருந்து போகும் விமானங்களை நிறுவனம் ரத்து செய்தால், கிருமிப்பரவல் காலமாக இருந்தாலும் பணமாகத் திருப்பித்தர வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2020 ஏப்ரல் 3ஆம் தேதியே எல்லா விமான நிறுவனங்களுக்கும் நினைவூட்டியிருந்தது. "ஏர்லைன் கேன்சல் பண்ணிட்டான்" என்று உங்களிடம் யாராவது சொன்னால் முதலில் அந்த விமானம் உண்மையிலேயே ரத்தானதா என்று பாருங்கள். கிருமிப்பரவல் காலத்தில் யார் சொன்னாலும் நம்பிவிடக்கூடிய காரணம் அது என்பதால்தான் இவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள்.

அக்கா அன்றிரவே விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நேராகப் புதிய டிக்கெட் எடுத்தார். பணம் கட்டிய சில நிமிடங்களில் 618 என்று தொடங்கும் எண்ணோடு மின்னஞ்சல் வந்துவிட்டது. எகானமி இருக்கைதான், ஏஜென்சி வாங்கியதைவிட நன்றாகவே குறைவு. ஆனால் அவர் வேலையில் விடுப்பை மாற்றி வாங்கிக் கிளம்புவதற்குள் டிசம்பர் கடைசி ஆகிவிட்டது. விமானத்தில் ஏறியபின் எடுத்த படம் ஒன்றை அனுப்பினார். அவர் வரிசையில் வேறு ஆள் இல்லை, முன் வரிசை காலி, பின் வரிசையில் ஒருவர் மூன்று இருக்கையிலும் காலை நீட்டிப் போர்த்திப் படுத்திருக்கிறார். "ரெண்டு மூணு சீட்டுதான் பாக்கி" என்று எங்களை அவசரப்படுத்தியது இந்த விமானத்துக்குத்தான்.

அப்பாவை ஆபரேஷனுக்கு அழைத்துப்போன காலையில் அக்கா சிங்கப்பூரில்தான் இருந்தார், ஹோட்டல் அறைக்குள். ஒரே தீவு, டாக்ஸியில் இருபது நிமிடத் தூரம், பார்க்க வழியில்லை. தள்ளுபடுக்கையில் படுத்திருந்த அப்பாவின் முகத்துக்கு நேரே நான் போனைப் பிடித்தேன். "சாப்பிட்டியா?" என்றுதான் அப்பா கேட்டார். அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அப்பா இப்போது புளோக்கைச் சுற்றி நடக்கிறார். ஆனால் அந்தக் காலையை எங்களிடமிருந்து பறித்தது கிருமி இல்லை, விதிகள் இல்லை, விமான நிறுவனமும் இல்லை. நாங்கள் பல வருடம் காசு கொடுத்து வளர்த்த ஒரு கடை. நாலாயிரம் வெள்ளியைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

பணத்துக்கு வருகிறேன். முதலில் பயனீட்டாளர் சங்கமான கேஸில் புகார் கொடுத்தோம். அவர்கள் கடிதம் எழுதினார்கள், ஏஜென்சி பதில் போடவில்லை. அடுத்து சிறு கோரிக்கை நடுவர் மன்றம். பலர் மன்றம் என்றதும் வக்கீல், செலவு என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். அங்கே வக்கீலுக்கே இடமில்லை. 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், எல்லாம் இணையத்திலேயே. தனிநபர் 5,000 வெள்ளிக்குள் கோரினால் கட்டணம் வெறும் 10 வெள்ளி. பேநவ் ரசீது, அந்தத் தாள், வாட்ஸ்அப் உரையாடல், டிக்கெட் அடிக்கவே இல்லை என்று சொல்லும் விமான நிறுவனத்தின் மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஏற்றினோம். கலந்துபேச நாள் குறித்து அறிவிப்பு போன பிறகு முதலாளியே கூப்பிட்டார். சேவைக் கட்டணம் என்று முந்நூறு வெள்ளி கழித்துக்கொண்டு மீதியைத் தருவதாகச் சொன்னார். என்ன சேவை என்று கேட்டேன். பதில் இல்லை. கடைசியில் முழுத் தொகையும் இரண்டு தவணையாக வந்தது. இரண்டாவது தவணை கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் கோரிக்கையை மீட்டுக்கொண்டோம். "வழக்கை வாபஸ் வாங்குங்க, நாளைக்கே போட்டுடறேன்" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கு இணங்காதீர்கள்.

அக்கா வந்த பிறகு நிலைமை இன்னும் இறுகியது. 2021 ஜனவரி 24 முதல் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்கூட இங்கே வந்து இறங்கியதும் கொவிட் பிசிஆர் சோதனை எடுத்தாக வேண்டியிருந்தது. அமெரிக்காவுக்குப் போகிறவர்களும் ஜனவரி 26 முதல், கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எடுத்த சோதனையைக் காட்ட வேண்டியிருந்தது. கடைசி நேரத்தில் இருக்கை இல்லை என்று தெரிந்தால் சோதனைக்கும் மறுபடி செலவு, அதன் முடிவுக்கும் மறுபடி காத்திருப்பு. அக்கா வந்த சமயத்தில் விமானம் தினசரி இல்லை. ஒன்றைத் தவறவிட்டால் மறுநாள் ஏறிக்கொள்ளலாம் என்ற கதை அப்போது கிடையாது.

ஏஜெண்டிடம் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் கிருமிப்பரவல் காலத்தில் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்று தெரியும். வாங்குங்கள், ஆனால் கார்டில் கட்டுங்கள். கட்டிய அன்றே டிக்கெட் எண்ணைக் கேளுங்கள். "நாளைக்கு வரும்" என்றால் நாளைக்கே பணம் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். எண் வந்ததும் ஏஜெண்டை அல்ல, விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு, இந்தப் பெயரில் டிக்கெட் அடித்தாயிற்றா, எந்த வகுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் புக்கிங் எண் மாறினால் அன்றே மறுபடி கூப்பிடுங்கள். கடைக்கு உரிமம் இருக்கிறதா என்பதைப் பயணத்துறைக் கழகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். எங்களை ஏமாற்றிய கடைக்கு உரிமம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதே மாதிரி யாராவது கிரெடிட் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திருந்தால், விமான நிறுவனத்திடம் டிக்கெட் அடிக்கப்பட்டதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு இந்த வாரமே கோரிக்கையைப் போடுங்கள். படிவம் நிரப்புவதில் சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பலாம்.