ஐந்து ஏக்கர் நெல்லுக்கு மீத்தேன் கணக்கு: பெட்டியா, கம்பமா, நோட்டுப் புத்தகமா?

பர்மாவில் தட்டோன் பக்கம் ஐந்து ஏக்கரில் நெல் போடும் என் சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்து, "அண்ணே, வயல்ல வர்ற மீத்தேனைக் குறைச்சா கார்பன் காசு தர்றாங்களாமே, அதை முதல்ல எப்படி அளக்கிறது?" என்று கேட்டான். மீத்தேன் பூமியைச் சூடாக்கும் வாயு, அதைக் குறைத்ததற்குக் கிடைக்கும் பணத்தைத்தான் கார்பன் காசு என்கிறான். அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன், பெகுவிலும் மோல்மேனிலும் நெல் போடும் நம் ஆட்களுக்கும் இதே கேள்வி இருக்கும்.

வழிகள் மூன்று. வயலில் பெட்டி கவிழ்த்து வாயுவைப் பிடிப்பது, கம்பம் நட்டுக் காற்றில் அளப்பது, எதையும் பிடிக்காமல் கணக்குப் போடுவது. செயற்கைக்கோளைச் சிலர் சொல்வார்கள். மேலிருந்து மீத்தேனைப் பார்க்கும் ட்ரோபோமி கருவிக்கு ஒரு புள்ளி என்பதே சுமார் 5.5க்கு 7 கிலோமீட்டர், அதற்குள் தம்பியின் வயலோடு ஊர், மாடு, சதுப்பு எல்லாம் அடங்கிவிடும். நமக்கு ஆகாது.

முதலில் பெட்டி. தண்ணீர் நிற்கும் சேற்றில் காற்று புகாது, அங்கே வைக்கோலும் வேரும் மட்கும்போது நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி குமிழியாக வராமல் நெற்பயிரின் தண்டில் உள்ள காற்றுக் குழல்கள் வழியாகத்தான் மேலே வருகிறது, அதனால் பயிரையும் சேர்த்து மூட வேண்டும். கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் பெட்டியைச் சில குத்துகள் மேல் கவிழ்த்து, அரை மணி நேரத்துக்குள் மூன்று நான்கு முறை ஊசியால் காற்றை இழுத்துக் குப்பியில் அடைத்து, ஆய்வகத்தில் வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் கொடுத்தால் வாயு எவ்வளவு வேகமாக ஏறியது என்று தெரியும். யேசின் வேளாண் பல்கலைக்கழகத்தார் இந்த முறையில்தான் பர்மிய வயல்களில் அளந்திருக்கிறார்கள். இதன் பெரிய பலம், மீத்தேனையும், பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடையும் ஒரே குப்பியில் பார்த்துவிடலாம், பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் இரண்டு விதமாகத் தண்ணீர் கட்டி ஒப்பிடவும் முடியும். ஆனால் பெட்டி மூடுவது ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. மேட்டுப் பக்கம் வைத்தால் ஒரு எண், மடைப் பக்கம் வைத்தால் வேறு எண் வரும். சேற்றில் கால் வைத்தாலே குமிழி கிளம்பிக் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் பலகை போட்டு நடக்க வேண்டும், அதுவும் நடவு முதல் அறுவடை வரை வாரா வாரம், பெரும்பாலும் காலை வேளையில். அடிக்கடி கரண்ட் போகிற நம் ஊரில் அந்தக் கருவியை ஓட்டுவது தனிப் பாடு.

கம்பம் அழகான வேலை. நொடிக்குப் பத்து முறை காற்றின் வேகத்தையும் அதிலுள்ள வாயுவையும் அளந்து, பயிரைத் தொடாமல் இரவு பகலாகக் கணக்கு எடுக்கும். விலை இருக்கட்டும், இடம்தான் முதல் சிக்கல். கம்பம் பல நூறு மீட்டர் தூரத்துக் காற்றைச் சேர்த்துப் பார்க்கிறது, ஐந்து ஏக்கர் என்பது சதுரமாக இருந்தாலும் பக்கத்துக்கு 140 மீட்டர்தான். காற்று திரும்பினால் பக்கத்து வயல்காரரின் மீத்தேன் நம் கணக்கில் ஏறிவிடும். பெரிய சமவெளி முழுக்க ஒரே பயிர், ஒரே தண்ணீர் என்றால் இதை நானே பரிந்துரைப்பேன்.

அப்புறம் கணக்கு. ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. 2019ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில், எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலுக்குத் தென்கிழக்கு ஆசியாவில் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 1.22 கிலோ மீத்தேன், பயிர்க்காலம் 102 நாள் என்று கொடுத்திருக்கிறார்கள். ஐந்து ஏக்கருக்குப் போட்டால் ஒரு போகத்துக்குச் சுமார் 250 கிலோ. பாய்ச்சலும் காய்ச்சலுமாக, அதாவது பல முறை வடியவிட்டு மறுபடி பாய்ச்சினால், அதை 0.55 ஆல் பெருக்க வேண்டும், 113 கிலோ குறைகிறது. சூடாக்குவதில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று வைத்தால் 3 டன்னுக்கு மேல். வடியவிட்டால் யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கூடுமே என்று கேட்பார்கள், கூடும்தான். ஆனால் ஏக்கருக்கு ஒரு 50 கிலோ மூட்டை போட்டால் அதே வழிகாட்டிப்படி கூடுவது ஐந்து ஏக்கருக்கும் சேர்த்து சுமார் 100 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், மீத்தேனில் மிச்சமானதோடு பார்த்தால் சின்னது.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வைக்கோல். ஹெக்டேருக்கு 4 டன் காய்ந்த வைக்கோலை நடவுக்கு முந்தைய முப்பது நாளுக்குள் மடக்கி உழுதால் மீத்தேன் 2.6 மடங்கு, அதே வைக்கோலை முப்பது நாளுக்கு முன்பே உழுதுவிட்டால் 1.4 மடங்குதான். மழைக்கால நெல்லை அறுத்த கையோடு, பர்மியர் நுவேசபா என்கிற கோடை நெல்லுக்கு அவசரமாக உழுகிற நம்மவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

கணக்கின் பலவீனமும் பெரிது. அந்த 1.22 என்பதே 0.83 முதல் 1.81 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அதே அட்டவணை சொல்கிறது. தஞ்சாவூர் வயலுக்கோ தெற்காசியா என்ற பேரில் 0.85தான். மண்ணை யாரும் பார்க்கவில்லை, வரைபடத்தின் கோடுதான் எண்ணை மாற்றுகிறது.

இருந்தும் தம்பிக்கு நான் சொன்னது கணக்கைத்தான். பெட்டி வேலையை யேசின் போன்ற இடங்கள் சில வயல்களில் சுத்தமாகச் செய்யட்டும், அவர்கள் எண் வந்தால் 1.22ஐத் தூக்கிப் போட்டுவிட்டு அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த எண் வந்தாலும் அதைப் பெருக்குவதற்குத் தண்ணீர் எத்தனை நாள் நின்றது, வைக்கோல் எப்போது மண்ணுக்குள் போனது என்ற விவரம் வேண்டும், அது விவசாயியிடம் மட்டும்தான் இருக்கும். கார்பன் காசு பேசி வருகிறவர்களிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே என்றும் சொன்னேன். 2024ல், இப்படிப்பட்ட கார்பன் திட்டங்களுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு தரச் சோதனைக்குப் பிறகு சீனாவின் 37 நெல் திட்டங்களை நிராகரித்தது, அப்படி நடந்தால் வயலை வடியவிட்ட உழைப்புக்குக் கூலி யார் தருவது?

தட்டோன் மழையில் வயலை வடியவிட நினைப்பது வீண், கோடை நெல்லில் ஆரம்பித்தால் போதும். தண்ணீர் மட்டம் பார்க்கும் குழாயாக, ஒரு அடி நீள மூங்கிலைக் கணு நீக்கி, கீழ்ப்பாதியில் சுற்றிலும் ஓட்டை போட்டு, இருபது சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறங்கும்படி ஊன்றி, உள்ளே உள்ள சேற்றை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே போனதும் பாய்ச்சலாம், பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் தேதியையும் அளவையும் நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.