டெல்டா வீட்டில் சுருட்டுக்கு எந்தப் பெட்டி?

சுருட்டுப் பெட்டியைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று வறண்டுபோகும். பெட்டிக்குள் ஈரத்தை எப்படி ஊட்டுவது என்பதே அவர்களுடைய கவலை. திருச்சி தொடங்கி நாகப்பட்டினம் வரை நம் கவலை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் 40 டிகிரி வெயில், பிற்பகலில் ஈரமே இல்லாத காற்று. இரண்டையும் ஒரே பெட்டி தாங்கியாக வேண்டும். நம் ஊரில் பெட்டியின் முதல் வேலை வெளிக்காற்றை உள்ளே விடாமல் இருப்பது. அழகெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சுருட்டு நலமாக இருக்க 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும், 18 முதல் 21 டிகிரி வெப்பமும் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. உறையூர்க் கைச்சுருட்டானாலும் கியூபாவிலிருந்து வந்ததானாலும் எனக்கு அளவு ஒன்றுதான். ஈரப்பதம் 75ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். வெப்பம் 24ஐத் தாண்டினால் இலைக்குள் கிடக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிக்கத் தொடங்கலாம். ஏ.சி. இல்லாத வீட்டில் 21 டிகிரி நடக்காத காரியம். ஆகவே ஈரப்பதத்தை 65க்கு மேல் ஏறவிடாமல் வைத்திருப்பதே நமக்குப் பாதுகாப்பு. வெப்பத்தில் பூஞ்சை வேகமாகப் பரவும்.

எல்லோரும் முதலில் ஆசைப்படுவது மரப்பெட்டி. உள்ளே ஸ்பானிய சீடர் பலகை பதித்திருக்கும். மத்திய, தென் அமெரிக்க மரமான இது வேம்புக்கும் மகோகனிக்கும் உறவு. ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடும். இதன் மணமும் சுருட்டோடு இசைந்துபோகும். நம் மலைக்காடுகளின் சந்தனவேம்பும் அதே குடும்பம்தான். சுருட்டுப் பெட்டி செய்ய முன்பே பயன்பட்ட மரம். நல்ல ஆசாரி கிடைத்தால் அதிலேயே செய்துகொள்ளலாம். தேக்கு மட்டும் வேண்டாம், அதன் எண்ணெய் வாடை சுருட்டில் ஏறும்.

ஆனால் மரம் மூச்சுவிடும். கார்த்திகையில் உப்பி, மூடி இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதே பெட்டி சித்திரையில் சுருங்கி, மூடியின் மூலையில் காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி விடும். வாங்கும்போது இருட்டறையில் ஒரு டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். எங்காவது ஒளிக்கீற்று கசிந்தால் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நல்ல பெட்டியின் மூடியைக் கையிலிருந்து விட்டால் சட்டென்று விழாது. உள்ளே அடைபட்ட காற்று அதைத் தாங்கிப்பிடிக்க, மெதுவாக இறங்கி அமரும். கூடவே தரும் பச்சைநிறப் பஞ்சுத் துண்டைத் தூக்கிப் போடலாம். அது ஈரத்தைக் கொடுக்கவே செய்யப்பட்டது. மழைக்காலத்தில் அதனால் கெடுதல்தான்.

அடுத்தது, சமையலறைக்கு வாங்குகிற, மூடியைச் சுற்றி ரப்பர் வளையமும் நான்கு பக்கமும் கொக்கியும் உள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா. பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் வெளியே புயலே அடித்தாலும் உள்ளே வைத்த ஈரப்பதம் அசையாது. 65 என்று அச்சிட்ட இருவழி ஈரப்பதப் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டால், குறைந்தால் கொடுக்கும், கூடினால் வாங்கிக்கொள்ளும். அடியில் ஒரு சீடர் பலகை வைத்தால் மரப்பெட்டியின் மணமும் கிடைத்துவிடுகிறது. டெல்டாவில் ஐம்பது சுருட்டுக்குள் வைத்திருப்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். புது டப்பாவைக் கழுவி, பிளாஸ்டிக் வாடை போகும்வரை திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவே.

எந்தப் பெட்டியானாலும் ஈரப்பதமானி ஒன்று வேண்டும். மலிவானவை ஐந்தாறு சதவீதம் பிசகிக் காட்டும், சோதிப்பது எளிது. பாட்டில் மூடியில் உப்பைக் கொட்டி, ஈரமணல் பதத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, கருவியோடு ஒரு ஜிப் பைக்குள் வைத்து ஒரு நாள் மூடிவிடுங்கள். உள்ளே 75 சதவீதம் நிற்கும். கருவி 71 காட்டினால் இனி எப்போதும் நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். வேதாரண்யத்துக் கல்லுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் இதற்கு உதவாது. கல்லுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் உப்பு, மழைநாளில் அதைக் கசியவைப்பதும் அதுதான், அளவைக் கீழே இழுத்துவிடும். பாக்கெட் தூளுப்பே சரி.

மின்சாரப் பெட்டி வெப்பத்தையும் கவனித்துக்கொள்ளும் என்பதால் கவர்ச்சியானது. இதில் இரண்டு வகை. கம்ப்ரஸர் இல்லாத வகை, அறையின் வெப்பத்தைவிடச் சுமார் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் குறைக்கும். மே மாதம் மாடியறையில் 36 என்றால் பெட்டிக்குள் 24தான். கம்ப்ரஸர் வகை நன்றாகக் குளிர்விக்கும், ஆனால் ஓடும்போதெல்லாம் காற்றிலுள்ள ஈரத்தைக் குளிர்ச்சுருளில் தண்ணீராக இறக்கிவிடும். உள்ளே பொட்டலங்களை நிறைய அடுக்கி ஈடுகட்ட வேண்டும். மின்சாரம் போனால் இரண்டும் வெறும் அலமாரி. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. நூற்றுக்கணக்கில் சேர்ப்பவர், இன்வெர்ட்டர் வைத்திருப்பவர், கம்ப்ரஸர் வகைக்குப் பணம் போடலாம். மற்றவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கண்ணாடி ஜாடியும் காற்றுப்புகாததுதான். பத்துச் சுருட்டுக்குப் போதும். ஊறுகாய் இருந்த ஜாடியை எத்தனை முறை கழுவினாலும் வெந்தய வாடை விடாது, அதைத் தொடாதீர்கள். சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியில் நிரந்தரமாக வைப்பதும் கூடாது. சுருட்டு உலர்ந்து, மீன்குழம்பு மணத்தையும் வாங்கிக்கொள்ளும்.

அதே குளிர்சாதனப் பெட்டி வண்டுக்கு மட்டும் நல்ல மருந்து. புதிதாக வாங்கிய சுருட்டை இரண்டு ஜிப் பைகளில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் நான்கைந்து நாள் வையுங்கள். பிறகு கீழ்த்தட்டில் ஒரு நாள், அதன்பின் வெளியே. அவசரப்பட்டு நேராக வெயிலறைக்கு எடுத்தால் மேலிலை வெடித்துவிடும். குண்டூசித் துளையும் அதன் வாயில் மெல்லிய தூளும் தெரிந்தால் வண்டு வந்துவிட்டது. அந்தச் சுருட்டைத் தனியே பிரித்துவிட்டு மீதி அத்தனையையும் ஃப்ரீசருக்கு அனுப்புங்கள்.

வைக்கும் இடம் பாதி வேலையைச் செய்யும். ஓட்டு வீட்டின் உள்ளறை, தடித்த சுவரை ஒட்டிய கீழ் அலமாரி நல்லது. மொட்டைமாடிக்கு அடுத்த பரண் வேண்டவே வேண்டாம். பொட்டலத்தை மாதம் ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கூழ் நெகிழ்ந்தால் சரி. கற்கண்டுபோல் கட்டிதட்டியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மரப்பெட்டியில் வைப்பவர்களுக்கு இந்த நேரம் பெரும்பாலும் வைகாசியில் வரும்.