வான் பூனை வீடு, துருக்கி: பூனை பிடிச்சவங்க விடக்கூடாத இடம்

துருக்கி டூர் போறவங்க பெரும்பாலும் இஸ்தான்புல், கப்படோக்கியா பலூன், பமுக்கலேன்னு பார்த்துட்டு ஃப்ளைட் ஏறிடறாங்க. கிழக்குக் கோடியில ஈரான் பார்டர் பக்கம் இருக்கற வான் ஊர் வரைக்கும் போறவங்க ரொம்பக் கம்மி. பூனைன்னா உசுரை விடற ஆளா இருந்தா அந்த ஊரை விட்டுடாதீங்க. அங்க வான் யூஸுன்ஜு யில் பல்கலைக்கழக கேம்பஸுக்குள்ள வான் பூனை வீடுன்னு ஒண்ணு இருக்கு. வெள்ளை வெளேர்னு நீள முடி, ஒரு கண்ணு நீலம், இன்னொரு கண்ணு தேன் கலர், அந்தப் பூனைங்களை அதோட சொந்த மண்ணுலயே கூட்டமா பார்க்கலாம்.

போறது சுலபம்தான். இஸ்தான்புல்லேர்ந்து வானுக்கு ஃப்ளைட் ரெண்டு மணி நேரம் சொச்சம். ஊருக்குள்ளேர்ந்து கேம்பஸுக்கு டோல்முஷ்ங்கற ஷேர் வேன் ஓடுது, டாக்ஸியும் கிடைக்கும். கேம்பஸே ஏரிக்கரையிலதான் இருக்கு, வழியெல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. டிக்கெட் விலை சின்னத் தொகைதான், லிரா மதிப்பு ஏறி இறங்கிக்கிட்டே இருக்கறதால நான் ஒரு ரேட்டு சொன்னாலும் நீங்க போறப்ப அது இருக்காது.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும், இது கேட் கஃபே இல்ல. காபி குடிச்சுக்கிட்டே பூனையை மடியில வெச்சுக் கொஞ்சற இடம்னு நினைச்சுப் போகாதீங்க. ஊர்ல இருந்த வான் பூனைங்க மத்த பூனைங்களோட கலந்து கலந்து அசல் குறைஞ்சுக்கிட்டே வந்ததால, இதைக் காப்பாத்திப் பெருக்கணும்னு 1990கள்ல பல்கலைக்கழகமே கையில எடுத்த ஆராய்ச்சி மையம் இது. உள்ள ரூம், வெளிய வலை போட்ட முற்றம், பூனைங்க அது பாட்டுக்கு வெயில் காயும், சண்டை போடும், தூங்கும், நம்ம பக்கம் வரணும்னு தோணினா வந்து உரசிட்டுப் போகும். எனக்கு இதுதான் பிடிச்சுது, ஏன்னா பூனை அதோட இஷ்டத்துக்கு எப்படி இருக்குமோ அப்படியே பார்க்க முடியுது.

முதல்ல கண்ணுல படறது வால்தான். நான் போனது வெயில் காலம், அப்ப உடம்பு முடியெல்லாம் கொட்டி, தூரத்துலேர்ந்து பார்த்தா குட்டை முடிப் பூனைன்னே நினைக்கத் தோணும், ஆனா வால் மட்டும் ஒட்டடைக் கொம்பு கணக்கா புசுபுசுன்னு அப்படியே இருக்கு. குளிர் வந்துட்டா கழுத்தைச் சுத்திப் பிடரி, தொடையில நீள நீளமா முடின்னு திரும்ப வளந்துடுமாம். நம்ம ஊர்ல நீள முடிப் பூனைன்னாலே எல்லாருக்கும் பெர்ஷியன்தான் ஞாபகம் வரும், இது அந்த ஜாடையே கிடையாது. சப்பை மூக்கு இல்ல, மூக்கு நேரா நீளமா இருக்கு, காது பெருசு, உள்பக்கம் ரோஸ் கலர், தோள்பட்டை அகலம், கால் நீளம். நல்லா கட்டுமஸ்தான உடம்பு. முழுசா வளர மூணு வருஷத்துக்கு மேலயே ஆகும்.

முற்றத்துல ஏரிக்காத்து அடிச்சப்ப ஒரு ஆண் பூனையோட முதுகு முடி வகிடு எடுத்தாப்ல ரெண்டாப் பிரிஞ்சுது, அந்த வகிட்டுல அடியில இருக்கற ரோஸ் தோல் பளிச்சுனு தெரிஞ்சுது. பெர்ஷியன் வளர்க்கறவங்களுக்கு இதோட அர்த்தம் புரியும். பெர்ஷியனுக்கு மேல் முடிக்குக் கீழ அடர்த்தியா பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு இருக்கும், தினம் சீப்பு போடலைன்னா சிக்கு விழுந்து கட்டி கட்டியாயிடும். வான் பூனைக்கு அந்த அடி அடுக்கு இல்லவே இல்லன்னு சொல்லலாம், ஒரே அடுக்குதான், அதனால சிக்கும் அவ்வளவா விழாது, தண்ணியும் சட்டுனு ஊறாது. இந்தப் பூனைங்க தண்ணிக்குள்ள இறங்கும்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அது நெசம்தான், வெயில் காலத்துல இங்க இருக்கற குளத்துல நீந்தறதைப் பார்க்கலாம். எல்லாப் பூனையும் குதிக்கும்னு எதிர்பார்க்காதீங்க, சிலது ஓரமா உக்காந்து முன்னங்காலை மட்டும் நனைச்சு நனைச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கும். பக்கத்துல இருக்கற வான் ஏரி கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 1,640 மீட்டர் உயரத்துல இருக்கற சோடா ஏரி, அதாவது தண்ணியில உப்பும் காரமும் கலந்த ஏரி, குளிர்காலத்துல பனி கொட்டும், வெயில் காலத்துல சுள்ளுனு அடிக்கும். இப்படிப்பட்ட ஊருக்குத் தகுந்த முடிதான் அதுன்னு நேர்ல பார்க்கறப்ப புரியுது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். வெளிநாட்டு கேட் ஷோக்கள்ல, பிரீடர்கள்கிட்ட டர்கிஷ் வான்னு ஒரு பெடிக்ரீ (வம்சாவளி பதிவு பண்ணி வளர்க்கற) இனம் இருக்கு, உடம்பெல்லாம் வெள்ளை, தலையில ரெண்டு திட்டும் வாலும் மட்டும் செம்பட்டையா வேற கலரா இருக்கும். அதைப் பார்த்துட்டு வானுக்குப் போனா இங்க எல்லாம் முழு வெள்ளையா இருக்கேன்னு குழம்பிடுவீங்க. கதை என்னன்னா, 1955ல லாரா லஷிங்டன், சோனியா ஹாலிடேன்னு ரெண்டு பிரிட்டிஷ் பெண்கள் துருக்கியில வேலையா சுத்திக்கிட்டு இருந்தப்ப அவங்களுக்கு ரெண்டு பூனை கிடைச்சுது, இங்கிலாந்துக்குக் கொண்டு போயி வளர்த்தாங்க, குட்டிங்களும் அதே மார்க்கிங்கோட பொறந்துது. அதுல பெண் பூனை தெற்கே மத்தியதரைக் கடலோரம் இஸ்கென்தெருன்லேர்ந்து வந்தது, ஆண் பூனை இஸ்தான்புல் ஹோட்டல் மேனேஜர் ஒருத்தர் குடுத்தது. 1959ல சேர்த்த ரெண்டும் அன்டால்யா, புர்துர் ஊர்க்காரப் பூனைங்க. வான்லேர்ந்து ஒண்ணு கூட இல்ல. லஷிங்டன் வான் ஊரை முதல் தடவையா எட்டிப் பார்த்ததே 1963லதான். 1969ல இங்கிலாந்துல இனமா அங்கீகாரம் கிடைச்சு, பேரு மட்டும் உலகம் பூரா வான்னு நிலைச்சுடுச்சு.

அந்தப் பூனைங்களும் அழகுதான், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பல தலைமுறையா இந்த ஏரிக்கரை வீடுகள்ல வளர்ந்த வெள்ளைப் பூனையைப் பெரும்பாலான சர்வதேச பூனைச் சங்கங்கள் தனி இனமா சேர்த்துக்கவே இல்லங்கறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. பிரிட்டன் சங்கம் மட்டும் டர்கிஷ் வான்கெடிசின்னு முழு வெள்ளைக்குத் தனியா இடம் குடுத்திருக்கு. துருக்கியர், குர்துகள், 1915 வரைக்கும் இங்க பெரிய அளவுல வாழ்ந்த ஆர்மீனியர்கள்னு மூணு ஜனங்களும் எங்க பூனைன்னு சொந்தம் கொண்டாடற பூனை இது. ஊர் நுழைவாசல்ல தாயும் குட்டியுமா பெரிய சிலையே வெச்சிருக்காங்க, அதுக்கும் ரெண்டு கண்ணும் ரெண்டு கலர்.

கண்ணைப் பத்திச் சொல்லணும். எல்லாத்துக்கும் ரெண்டு கலர் இருக்காது, ரெண்டும் நீலம், ரெண்டும் தேன் கலர்னும் நிறைய இருக்கு. பொறக்கறப்ப எல்லாக் குட்டிக்கும் நீலம்தான், சில வாரம் கழிச்சுதான் மாற ஆரம்பிக்கும். பொறந்த குட்டி உச்சந்தலையில காதுக்கு நடுவுல கறுப்புத் திட்டு இருந்தா கண்ணு ரெண்டு கலராகும்னு ஊர்க்காரங்க நம்பறாங்க. ஃப்ளாஷ்ல விழுந்த ஒரு போட்டோவுல நீலக் கண்ணு சிவப்பாவும் தேன் கண்ணு பச்சையாவும் மின்னுது, நீலக் கண்ணுக்குப் பின்னாடி நிறமி கம்மியா இருக்கறதுதான் காரணம்.

முடியை வெள்ளையாக்கற அதே ஜீன் சில பூனைங்களுக்குக் காதையும் பாதிக்கும், ஒரு கண்ணு மட்டும் நீலம்னா பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் காதுதான் கேக்காம போகும். ஒரு பூனை பக்கத்துல நின்னு சொடக்கு போட்டேன், சத்தம் கேட்டுது, ஆனா எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம எதிர்ப்பக்கம் தேடுச்சு. ரொம்ப நேரம் அதைவிட்டு நகர மனசே வரல.

ஊருக்குள்ள ஒரு கடையில வெள்ளைக் குட்டியைக் காட்டி அசல் வான் பூனைன்னு விலை சொன்னாங்க. வால் ஒல்லி, முடி குட்டை, கண்ணு மட்டும்தான் ரெண்டு கலர். அந்தக் கண்ணு நம்ம தெருவுல திரியற வெள்ளைப் பூனைக்கும் வரும், அதை மட்டும் பார்த்து ஏமாந்துடாதீங்க, வாலையும் முடியையும் உடம்புக் கட்டையும் சேர்த்துப் பாருங்க. ஊருக்குத் தூக்கிட்டு வரலாம்ங்கற ஆசையோட யாரும் போக வேணாம், அது அங்க இருந்தாதான் அழகு.

குட்டிங்க பார்க்கணும்னா வசந்தத்துலேர்ந்து கோடை வரைக்கும் போங்க, நீச்சலும் அப்பதான். முழுப் பிடரியோட பார்க்கணும்னா பனிக்காலம், ஆனா விமானம் லேட்டாகறதுக்கு ரெடியா இருக்கணும். வான் ஊர் காலைச் சாப்பாட்டுக்குப் பேர் போனது, மூலிகை போட்ட சீஸ், தேன், முட்டைன்னு மேசை நிறைய வைப்பாங்க, அதை முடிச்சுட்டு நேரா பூனை வீட்டுக்குப் போனா மதியம் வரைக்கும் பசிக்காது. திறக்கற நேரத்தை ஹோட்டல்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. என் ரேட்டிங் 5க்கு 5.