பழைய புல்லட்டுக்கு எந்தச் செயின், எத்தனை பல்?

வலக்காலால் கியர் மாற்றும் பழைய நான்கு கியர் புல்லட் 350-க்குச் செயின் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது "சாதாவா, ஓ-ரிங்கா?" என்பதாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், அதற்கு முன் கியர்பாக்ஸ் பக்கத்துச் சின்ன ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, முடிவு செய்துவிட வேண்டும். அது கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் ஆயிலை வடித்து, பிரைமரி கவரைத் திறந்து, ஆல்டர்னேட்டர், பிரைமரி செயின் (இன்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் உள் செயின்), கிளட்ச் எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பி, தேய்ந்த பல்லின் மேலேயே புதுச் செயினை நானும் ஒருமுறை மாட்டினேன். கொக்கிபோல் வளைந்திருந்த அந்தப் பற்கள் சில மாதங்களிலேயே செயினைத் தின்றுவிட்டன.

பின்பக்கம் 38 பல். முன்பக்கம் 16 போட்டால் விகிதம் 2.38, 17 போட்டால் 2.24, 18 போட்டால் 2.11. அதாவது, ஒரே வேகத்தில் 16-ஐவிட 18-ல் இன்ஜின் ஏறத்தாழ 11 சதவீதம் குறைவாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் இது சுகம்தான். ஆனால் எதிர்காற்றிலோ, பின்னால் ஆள் இருக்க மேம்பாலம் ஏறும்போதோ, நான்காவது கியர் திணறி மூன்றாவதைத் தேட வைக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி ஏறுகிறவருக்கு 16 பொருந்தும். மற்றவர்களுக்கு 17 என்பதே என் தேர்வு. 17 பகா எண் என்பதால் ஒரே பல் ஒரே கண்ணியை அடிக்கடி சந்திக்காது, தேய்மானம் பரவலாக விழும். ஸ்பீடோமீட்டர் முன்சக்கரத்திலிருந்து ஓடுவதால், எந்தப் பல்லைப் போட்டாலும் அது பொய் சொல்லாது.

இனி செயின். அளவு 530, கண்ணிக்குக் கண்ணி 15.875 மி.மீ. ஓ-ரிங் செயினில், கண்ணிகளைக் கோக்கும் பின்னுக்கும் (ஊசி) அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷுக்கும் (குழல்) இடையே ரப்பர் வளையங்களால் கிரீஸ் அடைக்கப்பட்டிருப்பதால், மழையிலும் புழுதியிலும் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு அது நெடுநாள் உழைக்கும். ஆனால் விலை கூடுதல், எடை கூடுதல், பெட்ரோலில் கழுவினால் ரப்பர் வளையம் கெடும். அகலமும் அதிகம் என்பதால், செயின் கவரில் உரசுகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. வாரத்துக்கு இரண்டு நாள் ஓடும் வண்டிக்குத் தரமான சாதாச் செயினும், தவறாமல் எண்ணெய் விடும் பழக்கமும் போதும். அதன் ஆயுளை அளப்பதும் எளிது: இறுக்கிப் பிடித்த 20 கண்ணிகள் புதிதில் 317.5 மி.மீ. இருக்கும், 322-ஐத் தாண்டினால் மாற்றிவிடலாம். இரும்பு இழுபட்டு இப்படி நீள்வதில்லை. பின்னும் புஷ்ஷும் தேய்ந்து இடைவெளி விடுவதால்தான் நீள்கிறது.

பின் ஸ்ப்ராக்கெட்டில் தேர்வுக்கு அதிக இடமில்லை. அது பிரேக் டிரம்மோடு ஒரே வார்ப்பாக இருப்பதால், பல் போனால் டிரம்மையே மாற்ற வேண்டும். பல் நேராக நின்று, டிரம்மின் உட்புறமும் வழவழப்பாக இருந்தால் அதை விட்டுவிட்டு முன்பக்கத்தையும் செயினையும் மட்டும் மாற்றலாம். பல் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் மூன்றையும் சேர்த்தே மாற்றுவதுதான் சிக்கனம். சாதாச் செயினை மாட்டும்போது, இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியைப் பூட்டுகிற லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.