மழைநீர் சேகரிப்பு கான்ட்ராக்ட்: மண்ணுக்குள் மறைத்த மூணு இஞ்ச் ரிடியூசர்

சென்னைப் புறநகரில் ஒரு வீடு. 1,200 சதுர அடி மொட்டை மாடி, பின்பக்கம் 20 அடி நீளத்துக்கு ஷீட் கூரை. மழைநீரைப் பிடித்து சம்ப்புக்கும், மிஞ்சுவதை, தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறைகுழிக்கும் அனுப்பும் வேலையை மொத்தமாகப் பேசி, முழுப் பணமும் வாங்கிக்கொண்டு போன கான்ட்ராக்டர் செய்து வைத்தது என்ன, அது ஏன் வேலை செய்யவில்லை என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம். பெயர் போடவில்லை. ஒரு ஆளைத் தவிர்ப்பதைவிட இந்த வேலைமுறையைக் கண்டுபிடிக்கத் தெரிவதுதான் உபயோகம். பருவமழைக்கு முன்னால் ஆகஸ்ட், செப்டம்பரில் இப்படிக் கொட்டேஷன் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்ததிலிருந்து, அப்ரூவலுக்காக ஒரு பைப்பைக் குழிக்குள் நீட்டிவிட்டுப் போவதும் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

முதல் பொய் பேச்சிலேயே இருந்தது: "வருஷத்துக்கு மூணு லட்சம் லிட்டர் பிடிக்கலாம் சார்." ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,200 சதுர அடி என்பது சுமார் 111 சதுர மீட்டர். சென்னைக்கு ஆண்டு சராசரி 1,400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சொட்டு சிந்தாமல் பிடித்தாலும் ஒன்றரை லட்சம் லிட்டர்தான் வரும். தரை குடித்தது, ஆவியானது, முதல் மழையின் அழுக்குத் தண்ணீர் என்று கழித்துவிட்டது எல்லாம் போக 80 சதவீதம் என்று போட்டால் ஒன்றேகால் லட்சம். மூணு லட்சம் என்று ஒருவர் சொன்னால், அவர் மாடியை அளக்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது பைப். தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அட்டவணைப்படி, மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழைக்கு, நாலு இஞ்ச் செங்குத்துப் பைப் ஒன்று 42.7 சதுர மீட்டர் கூரையைத் தாங்கும். மூணு இஞ்ச் தாங்குவது 20.4 சதுர மீட்டர், அதாவது பாதிக்கும் கீழே. 111 சதுர மீட்டருக்கு நாலு இஞ்ச் பைப் மூன்று வேண்டும். கொட்டேஷனில் மூன்று இருந்தது, சுவரிலும் மூன்று இறங்கியது. அதுவரை சரி.

மூன்றும் தரைக்கடியில் ஒரே நாலு இஞ்ச் பைப்பில் சேர்ந்து ஃபில்டருக்குப் போக வேண்டும். போகும் வழியில், ஃபில்டருக்கு இரண்டு அடி முன்னால், ஒரு ரிடியூசர் போட்டு மூணு இஞ்ச்சாகக் குறைத்து மண்ணை மூடிவிட்டார்கள். காரணம் எளிது: வாங்கி வந்த ஃபில்டர் சின்ன மாடல், அதன் வாயே மூணு இஞ்ச்தான். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில் இந்த மாடியிலிருந்து நொடிக்கு மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர் வரும். படுத்திருக்கும் மூணு இஞ்ச் பைப், நூற்றுக்கு ஒன்று வாட்டம் இருந்தாலே சுமார் இரண்டரை லிட்டர்தான் இழுக்கும். இங்கே வாட்டமும் இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு இடத்தில் எதிர்வாட்டம். முதல் கனமழையில் பைப் மூன்றும் அடியிலிருந்து மேலே நிரம்பி, மாடியில் தண்ணீர் கட்டி, படிக்கட்டு அறைக் கதவுக்கடியில் வீட்டுக்குள் இறங்கியது. அவரைக் கூப்பிட்டால் "இலை அடைச்சிருக்கும், ஜாலியைச் சுத்தம் பண்ணுங்க" என்று பதில் (ஜாலி என்றால் மாடித் துளையின் வாயில் போடும் சல்லடை மூடி). தோண்டிய பிறகுதான் ரிடியூசர் தெரிந்தது. செங்குத்துப் பைப்பின் அடியில் டோர் பெண்ட், அதாவது திறந்து பார்க்கும் மூடியுள்ள வளைவு, வைத்திருந்தால் மூடியைத் திறந்ததுமே அடைப்பா, குறுகலா என்று தெரிந்திருக்கும். அங்கேயும் சாதா எல்போதான்.

பில்லில் "டைப் பி" என்று இருந்தது. மழைநீர் வடிகால் பைப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 13592-ல் இரண்டு வகை உண்டு. நாலு இஞ்ச், அதாவது 110 மில்லிமீட்டர் பைப்பில் டைப் ஏ சுவர் குறைந்தது 2.2 மில்லிமீட்டர், டைப் பி 3.2. சுவரில் ஏறும் மழைநீர்ப் பைப்புக்கு உண்மையில் டைப் ஏ போதும். அதை டைப் ஏ விலைக்கே போட்டிருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. மண்ணுக்கடியில், அதுவும் கார் ஏறும் பாதையில், டைப் ஏ போதாது, கனமான சுவருள்ள பைப் வேண்டும். இங்கே மேலே ஓடியது டைப் ஏ, மண்ணுக்குள் போனது எந்த அச்சும் இல்லாத மெல்லிய பைப். ஐஎஸ்ஐ முத்திரை, 13592, அளவு, வகை நான்கும் பைப்பின் உடம்பிலேயே அச்சாகியிருக்கும். பைப் இறங்கிய அன்றே பார்த்து, போட்டோ எடுத்து வையுங்கள். வெட்டி ஒட்டிய பிறகு அச்சு சுவர்ப்பக்கம் திரும்பிவிடும், பல இடத்தில் வேண்டுமென்றே திருப்புவார்கள்.

மாடியில் தண்ணீர் வெளியேறும் துளையைத் தரைமட்டத்துக்கு ஒன்றரை இஞ்ச் மேலே குடைந்திருந்தார்கள். கைப்பிடிச்சுவரின் அடியில் கம்பி தடுத்ததாம். விளைவு, மழை நின்ற பிறகும் மூலையில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர் நிரந்தரமாக நிற்கும்: கொசு, பாசி, பிறகு கீழே அறையில் ஓதம். துளை தரையைவிட அரை இஞ்ச்சாவது தாழ்ந்திருக்க வேண்டும், சுற்றிலும் குழிவாகப் பூச வேண்டும். தட்டை ஜாலி கூடாது, ஒரு பிளாஸ்டிக் கவர் படிந்தால் போதும், அடைத்துவிடும். குமிழ் வடிவ ஜாலிதான் சரி.

ஷீட் கூரையின் கட்டர் (கூரை விளிம்போரம் மழைநீரைப் பிடிக்கும் திறந்த வாய்க்கால்) வேலை இன்னும் மோசம். பில்லில் "பிவிசி கட்டர்". தொங்கியது ஆறு இஞ்ச் பைப்பை நீளவாக்கில் இரண்டாக அறுத்தது. அறுத்த பைப்பின் விளிம்புகள் உள்நோக்கிச் சுருங்கும், வெயிலில் முறுக்கிக்கொள்ளும். பிவிசி சூட்டில் நீளவும் செய்யும்: 20 அடிக்கு, 30 டிகிரி வித்தியாசத்தில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல். இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்தால் நடுவில் வளையும். பிராக்கெட் இரண்டடிக்கு ஒன்று வர வேண்டிய இடத்தில் ஐந்தடிக்கு ஒன்று, எனவே நடுவில் தொப்பை விழுந்து அங்கேயே தண்ணீர் தேங்கியது. 20 அடி கட்டருக்கு முனைக்கு முனை ஒன்றேகால் இஞ்ச்சாவது இறக்கம் வேண்டும். நூல் கட்டிப் பார்த்தால் இறங்குகுழாய் இருந்த முனைதான் மேடு. ஷீட்டின் விளிம்பும் கட்டருக்குள் நீளவில்லை. விளிம்பு இரண்டு இஞ்ச் உள்ளே தொங்கினால்தான் தண்ணீர் கட்டருக்குள் விழும். இல்லையென்றால் ஷீட்டின் அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டே வந்து சுவரில் வழியும். கட்டரின் முன்விளிம்பு பின்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான். நிரம்பினால் வெளியே கொட்டட்டும், சுவருக்கு வேண்டாம்.

முதல் மழையைக் கழிக்கும் அமைப்பு என்று தனியாகக் காசு வாங்கியிருந்தார். இருந்தது மூன்றடி நீள மூணு இஞ்ச் பைப், அடியில் ஒரு மூடி. அது நாலு லிட்டர்கூடப் பிடிக்காது. 111 சதுர மீட்டர் மாடியின் தூசி, காக்கை எச்சம் போக முதல் ஒரு மில்லிமீட்டரையாவது தள்ள வேண்டும், அதாவது 111 லிட்டர். நாலு இஞ்ச் பைப்பிலேயே செய்வதென்றால் 13 மீட்டர் வேண்டியிருக்கும். 200 லிட்டர் டிரம் ஒன்று வைத்து, அடியில் சொட்டுச் சொட்டாக வடியும் சின்னக் குழாய் விட்டால் அடுத்த மழைக்குள் தானே காலியாகிவிடும்.

சம்ப் தண்ணீர் கலங்கி வந்ததற்கு ஃபில்டருக்குப் பக்கத்தில் கட்டிய மணல் தொட்டி காரணம். கழுவாத எம்-சாண்ட், அதுவும் பாதி கிரஷர் பவுடர், ஜல்லி மேல் நேராகக் கொட்டியிருந்தது. இருக்க வேண்டிய அடுக்கு: கீழே 40 மில்லிமீட்டர் ஜல்லி, அதன் மேல் 20, அதன் மேல் நைலான் வலை, பிறகு கழுவிய மணல். வலை இல்லாவிட்டால் மணல் இரண்டு மழையில் கீழே போய்விடும். உறைகுழியிலோ கட்டட இடிபாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். சிமெண்ட் தூள் களிமண்ணோடு சேர்ந்து அடியை அடைத்துவிட்டது. குழி தண்ணீரை உறிஞ்சவில்லை என்றதும் அவர் சொன்ன தீர்வு, "போர்வெல் பைப்புக்குள்ளேயே விட்டுடலாம்." அதை மட்டும் எக்காரணத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வடிகட்டாத மாடித் தண்ணீர் நிலத்தடி நீரில் நேராகக் கலக்கும். சேறு போர்வெல்லையும் அடைக்கும்.

சம்ப்பின் ஓவர்ஃப்ளோ தெருவின் மழைநீர் வடிகாலுக்குப் போனது நல்லதுதான், ஆனால் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் என்ஆர்வி வால்வு இல்லை. தெருவில் வெள்ளம் நின்றால் அதே வழியில் சாக்கடை சம்ப்புக்குள் வரும். உள்ளே வரும் பைப் நாலு இஞ்ச் என்றால் ஓவர்ஃப்ளோவும் நாலு இஞ்ச்சுக்குக் குறையக் கூடாது, முனையில் கொசுவலையும் வேண்டும்.

கொட்டேஷன் "மொத்தமாக இவ்வளவு" என்று வந்தால் திருப்பிக் கொடுங்கள். எத்தனை லெங்த், எந்த வகை, எத்தனை டோர் டீ, எத்தனை கிளாம்ப், ஃபில்டர் எத்தனை சதுர மீட்டர் கூரைக்கானது, அதன் வாய் எவ்வளவு என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். பள்ளத்தை மூடும் முன் ஒவ்வொரு இணைப்பையும் டேப் வைத்துப் போட்டோ எடுங்கள். மாடியில் ஹோஸ் விட்டு ஒவ்வொரு பைப்பாக ஓட்டிப் பாருங்கள், ஆனால் ஹோஸ் தண்ணீரில் ரிடியூசர் குறை தெரியாது. அதனால் கடைசி 20 சதவீதத்தை முதல் கனமழை முடிந்த பிறகு தருவதாகக் கொட்டேஷனிலேயே எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இந்த வரியைக் காட்டியதும் பாதிப் பேர் போன் எடுக்க மாட்டார்கள்.