பிரீதரை அடைத்துவிட்டு ஆயில் சீல் விற்கிறார்கள்: பழைய ஜிப்சி வைத்திருப்பவர்கள் கவனிக்க

டெல்டாவில் பழைய ஜிப்சியோ ஜீப்போ வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பின் ஆக்சில் ஹவுசிங்கின் (பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் இரும்புக் கூட்டின்) மேல்பக்கத்தில் காற்று போய்வர ஒரு சின்ன முனை இருக்கும். வண்டியைப் பொறுத்து அதன்மேல் ஒரு மூடியோ ரப்பர் ட்யூபோ இருக்கும். அதுதான் பிரீதர். முன் ஆக்சிலிலும் ஒன்று உண்டு. அதில் சிவப்பு சிலிகான் பேஸ்ட் அப்பியிருந்தாலோ, ட்யூபின் வாயில் போல்ட் சொருகியிருந்தாலோ, கீழே சொல்லும் செலவு எல்லாம் உங்களுக்கும் வரிசையாக வரும்.

ஏமாந்த வண்டி ஒரு ஜிப்சி கிங், 1.3 லிட்டர் பெட்ரோல். தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் இடையில் வயல் வேலைக்கு ஓடுவது. பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு பட்டறைகளிலும் செய்கிறார்கள்.

ஜூலையில் முன் நக்கிளில் (முன் சக்கரம் திரும்பும் மூட்டில்) ஆயில் கசிவு என்று வண்டி போனது. "வாட்டர் புரூஃப் வேலை" என்று 6,800 ரூபாய். ஆகஸ்டில் பின் இடது சக்கரத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ஆயில் சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் உதட்டு வளையம்), பேரிங், பிரேக் ஷூ என்று 9,400. செப்டம்பரில் வலது பக்கம் அதே கதை, அதே 9,400. நவம்பரில் பினியன் சீல் (என்ஜின் சுழற்சியைக் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பின் ஆக்சிலோடு சேரும் இடத்துச் சீல்), "பினியன் செட்டிங்", கியர் ஆயில் என்று 11,200. ஆக மொத்தம் 36,800 ரூபாய். டிசம்பரில் இரண்டு பின் ட்ரம்மிலும் மறுபடி ஆயில். அதற்குப் பிறகுதான் அந்தப் பட்டறைக்கு வெளியே வைத்து ஆக்சிலைப் பிரித்தது.

பிரீதரை அடைத்ததை அவர்கள் மறைக்கவே இல்லை. முதல் தடவையே பெருமையாகச் சொன்னார்கள்: "அண்ணே, இந்த ஓட்டையாலதான் வாய்க்கால் தண்ணி உள்ள போவுது. அடைச்சு உட்டாச்சு, இனிமே கவலையே வேணாம்." கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் ஜனவரி 28 வரை நம் பக்கம் எந்தப் பாதையிலும் எங்காவது தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். தண்ணீர் போகும் ஓட்டையை அடைப்பதில் என்ன தவறு என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் ஆக்சிலைக் கெடுத்தது அந்த அடைப்புதான்.

ஆக்சிலுக்குள் பாதிக்கும் குறைவாகத்தான் ஆயில் இருக்கிறது, மீதி காற்று. வண்டி ஓடினால் கிரவுன் பினியன் பற்சக்கரங்களின் உரசலில் ஆயில் சூடாகும், காற்றும் சூடாகும். காலையில் 30 டிகிரியில் இருந்த காற்று 80 டிகிரிக்கு ஏறினால், வெளியே போக வழியில்லாதபோது அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். சதுர அங்குலத்துக்கு இரண்டு பவுண்டுக்கு மேல் வரும். டயருக்கு அது ஒன்றுமில்லை. ஆக்சில் ஆயில் சீலுக்கு அது பெரிது. அந்தச் சீலின் உதடு ஆயில் தெறிப்பைத் தடுக்கச் செய்தது, அழுத்தத்தைத் தாங்கச் செய்ததல்ல. எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயில் பிதுங்கும். அதை மாற்றினால் அடுத்த பலவீனமான சீல். இடது, வலது, பினியன் என்று பில் நடந்துபோன வரிசையைப் பார்த்தாலே இது புரியும்.

தண்ணீரில் இறங்கும்போது இது தலைகீழாகும். சூடான ஹவுசிங் வாய்க்கால் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்ததும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், உறிஞ்சும். பிரீதர் திறந்திருந்தால் மேலிருந்து காற்று வந்து நிரப்பிவிடும். அடைத்திருந்தால் தண்ணீருக்குள் முங்கியிருக்கும் சீல் வழியாக சேற்றுத் தண்ணீர்தான் வரும். தண்ணீர் புகக் கூடாது என்று அடைத்த அடைப்பே தண்ணீரை உள்ளே இழுத்தது. வடிந்து வந்த ஆயில் டீக்கடைப் பால் நிறத்தில் இருந்தது. ஜிப்சி பின் ஆக்சிலுக்கு ஒன்றரை லிட்டர் அளவுதான் ஆயில் பிடிக்கும். வந்தது ஒரு லிட்டரைத் தாண்டவில்லை, அதிலும் முதலில் ஓடியது வெறும் தண்ணீர்.

இப்போது பிரித்தபோது கண்டவை. இடது பக்கச் சீல் உண்மையிலேயே புதியது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சுத்தியலால் ஒரு ஓரமாக அடித்து இறக்கியிருந்ததால் விளிம்பு நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். புதுச் சீல் போட்டும் கசிந்ததற்குக் காரணம் பிரீதர் அடைப்பு.

வலது பக்கத்தில்தான் அப்பட்டமான திருட்டு. ஜிப்சியின் பின் ஆக்சில் ஷாஃப்டில் பேரிங்கை பிரஸ் வைத்து ஏற்றி, அதன் பின்னால் ஓர் இரும்பு வளையத்தையும் பிரஸ் செய்து இறுக்கியிருப்பார்கள். பேரிங் மாற்ற வேண்டுமானால் அந்த வளையத்தை கிரைண்டரில் மெலிதாக்கி, உளி வைத்து ஒரே போடாகப் போட்டு உடைத்தே ஆக வேண்டும். உடைத்த வளையத்தைத் திரும்பப் போட முடியாது, புதியதுதான் ஏற வேண்டும். இந்த வண்டியில் வலது வளையம் முழுக்கத் துருப்பிடித்து, கிரைண்டர் தடமோ உளித் தடமோ ஒன்றுமில்லாமல் பழையபடியே உட்கார்ந்திருந்தது. பேரிங்கைக் கையால் சுற்றினால் கரகரவென்றது. பில்லில் "பேரிங் புதிது". ஹவுசிங்குக்குள் இருந்த சீலும் பழையது; உதடு கல்லாக இறுகிப் போயிருந்தது, வெளிப்பக்கம் சிலிகான் பூசி மறைத்திருந்தார்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஷாஃப்டை பிரேக்கின் பேக் பிளேட்டோடு சேர்த்து வெளியே இழுத்தால்தான் சீலுக்கு வழி கிடைக்கும். அதற்கு பிரேக் பைப் நட்டைக் கழற்ற வேண்டும், கை பிரேக் கேபிளைப் பிரிக்க வேண்டும், முடித்ததும் பிரேக்கை ப்ளீட் செய்ய (பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டும். வலது சக்கரத்தின் பைப் நட்டில் பல வருடச் சேறும் துருவும் ஸ்பேனர் படாமல் அப்படியே இருந்தது. ட்ரம்மைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டியிருக்கிறார்கள், வேறு எதையும் தொடவில்லை. ஷூ லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். கியர் ஆயில் ஊறிய லைனிங்கை எப்படிக் கழுவினாலும் பயனில்லை. சூடானதும் உள்ளே ஊறியது மேலே வரும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். லைனிங்கில் ஆயில் ஊறினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. மழையில் நனைந்த கரைச் சாலையில், ஒரு பக்கம் ஆறும் ஒரு பக்கம் வயலும் இருக்கும்போது, ஒரு சக்கரம் மட்டும் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று அந்தப் பட்டறைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. எனக்கு ஆத்திரம் வந்தது பணத்துக்காக அல்ல, இதற்காக.

பினியன் சீல் விஷயம் வேறு. அங்கே சீல் புதிதாகப் போட்டிருந்தார்கள். ஆனால் சீல் உதடு உட்காரும் இடத்தில், அதாவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை இணைக்கும் ஃபிளாஞ்சின் கழுத்தில், நகம் தட்டுகிற ஆழத்துக்குப் பள்ளம். அறுவடை நேரத்தில் சாலையிலும் களத்திலும் கிடக்கும் வைக்கோலும், கட்டு கட்டும் பிளாஸ்டிக் கயிறும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டோடு சுற்றிக்கொண்டு இந்த இடத்தில் போய் இறுகும், மண்ணையும் சேர்த்து அரைக்கும். நம் பக்கம் பினியன் சீல் போவதற்கு இது பெரிய காரணம். பள்ளத்தின் மேலேயே புதுச் சீலை உட்கார வைத்தால் அது ஒரு மாதம்கூடத் தாங்காது. சீலை இரண்டு மில்லிமீட்டர் முன்னே நிறுத்தி, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்ய வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் ஃபிளாஞ்சின் கழுத்துக்கு மெல்லிய உறை மாதிரி ஸ்லீவ் போட வேண்டும். "பினியன் செட்டிங்" என்று பில் போட்டவர்கள் நட்டை இம்பாக்ட் கன்னில் இறுக்கிவிட்டார்கள். உள்ளே நசுங்கும் ஸ்பேசர் ஒன்று இருக்கிறது. அது அளவுக்கு மேல் நசுங்கினால் பேரிங் இறுகிப்போய் 50 கிலோமீட்டர் வேகத்திலேயே ஊளையிட ஆரம்பிக்கும். சீல் மட்டும் மாற்றும்போது செய்ய வேண்டியது எளிது: கழற்றும் முன்பே நட்டிலும் ஷாஃப்டிலும் ஃபிளாஞ்சிலும் பஞ்ச் வைத்து ஒரே கோட்டில் புள்ளி குத்திக்கொள்ளுங்கள், திரும்ப இறுக்கும்போது அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள், அதைத் தாண்டி மயிரிழை போதும்.

முன் பக்கத்தில் ஜூலையில் வந்த கசிவுக்குக் காரணம் ஆக்சில் குழாயின் முனையில் இருக்கும் உள் சீல். அது போனால் கியர் ஆயில் நக்கிள் உருண்டைக்குள் இறங்கி, அங்கிருக்கும் கிரீஸைக் கரைத்து, கறுப்புக் கஞ்சி மாதிரி வெளியே சொட்டும். வெளியே தெரியும் நக்கிள் சீலில் சிலிகான் பூசினால் சொட்டுவது சில நாள் நிற்கும், உள்ளே ஜாயிண்ட் கிரீஸ் இல்லாமல் தேயும். ஹப்பை இறக்கி, ஸ்பிண்டிலைக் கழற்றி, ஷாஃப்டை இழுத்து, அந்த உள் சீலை மாற்றுவதுதான் வேலை. ஜாயிண்டுக்கு மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸ். இந்த வண்டியில் சாதாரண மஞ்சள் சேஸிஸ் கிரீஸை அடைத்திருந்தார்கள். வீல் பேரிங் நட்டை உளி வைத்துத் தட்டித் திருப்பியதால் பொடிந்த இரும்புத் துணுக்கும் அந்தக் கிரீஸில் கிடந்தது. வீல் பேரிங்கா, நக்கிள் திரும்பும் கிங்பின் பேரிங்கா, எது ஆடுகிறது என்று பட்டறை சொல்லித் தெரிய வேண்டியதில்லை: சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், கூட ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின்.

பட்டறைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது ஒன்றுதான். இரவு முழுக்க வண்டி நின்ற பிறகு, காலையில் எடுக்காமல், முதலில் ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக்கைத் தளர்த்துங்கள். ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கை முதலில் கழற்றிவிட்டு, ஃபில்லரைத் திறக்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தளர்த்தும்போதே புஸ்ஸென்று காற்றுச் சத்தம் கேட்டால் பிரீதர் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம், வேறு சோதனையே வேண்டாம். பிறகு கீழே டிரெயின் பிளக்கை மெதுவாக, கழற்றிவிடாமல், கசிகிற அளவுக்கு மட்டும் திருப்புங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கும், முதலில் அதுதான் சொட்டும். தெளிந்த தண்ணீராக வந்து பிறகு நல்ல ஆயில் வந்தால் இப்போதுதான் புகுந்திருக்கிறது. பால் நிறமானால் கலந்து ஓடியிருக்கிறது. முழுதும் வடித்து, கொஞ்சம் மலிவு ஆயில் ஊற்றி சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, அதையும் வடித்துவிட்டு 80W-90 ஜிஎல்-5 கியர் ஆயில் ஊற்றுங்கள். ஃபில்லர் ஓட்டை விளிம்பில் வழியத் தொடங்கினால் அளவு சரி. பேரல் ஆயிலை வாங்காதீர்கள், உங்கள் கண்முன் சீல் உடைக்கும் டப்பா மட்டும்.

பிரீதருக்குச் சரியான வழி அதை உயரமாகக் கொண்டுபோவது. உள்விட்டம் முனைக்கு இறுக்கமாகப் பொருந்தும் பெட்ரோல் ஹோஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கும்போதும் இழுபடாத நீளம் விட்டு, நடுவில் எங்கும் தொய்ந்து தண்ணீர் தங்காதபடி மேலேற்றி, முன் ஆக்சிலுடையதை பானெட்டுக்குள் ஃபயர்வால் (என்ஜினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு) உயரத்திலும், பின் ஆக்சிலுடையதை பாடிக்கு உள்ளே பின்விளக்கு உயரத்திலும் கட்டுங்கள். முனையைக் கீழ்நோக்கி வளைத்து ஒரு சின்ன பெட்ரோல் ஃபில்டர் மாட்டினால் தூசி போகாது. சைலன்சர் பக்கம் ஹோஸைக் கொண்டுபோக வேண்டாம். பழைய முனைக்குள் சேறு இறுகியிருக்கும். கம்பியால் குத்தி, வாயால் ஊதிப் பார்த்த பிறகு ஹோஸை மாட்டுங்கள்.

பட்டறைக்கு விட்டே ஆக வேண்டுமென்றால், வேலை தொடங்கும் முன்பே பழைய சீல், பழைய பேரிங், உடைத்த வளையம் மூன்றும் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். உடைந்த வளையம் கைக்கு வரவில்லையென்றால் பேரிங் மாறவில்லை. பார்ட் நம்பர் எழுதாத பில்லுக்குப் பணம் தர வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால், பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் பில்லோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதியலாம். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. இந்த வண்டிக்காரர் துருப்பிடித்த வளையத்தோடு கூடிய வலது ஷாஃப்டை அப்படியே சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார். வண்டியில் இப்போது ஓடுவது வேறு ஷாஃப்ட்.